நின்ற உயரத்திலிருந்து

அந்த ஆஸ்பத்திரிக்கு எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து வருவார்கள். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்து அதே ஆள் தோள் உடைந்து வருவார். அதற்கும் ஒரு கட்டு. கடைசியில் இடுப்பு உடைந்து ஸ்ட்ரெச்சரில் வருவார், அதற்குப் பிறகு பெரும்பாலும் வரமாட்டார். இந்த வரிசையை எல்லோரும் காலங்காலமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதல் தடவை உடையும்போதே, இவ்வளவு லேசாக விழுந்ததற்கு ஏன் உடைகிறது என்று கேட்டு, எலும்பு உள்ளுக்குள் பொரபொரத்துப் போயிருக்கிறதா என்று பார்த்து மருந்து கொடுத்தால் அடுத்ததைத் தடுக்கலாம். ஆனால் அது யாருடைய வேலையும் இல்லை.

பெரிய டாக்டர் வெளியூர் மாநாடு ஒன்றுக்குப் போய், மற்ற ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே தனிப் பிரிவு இருப்பதைக் கேட்டுவிட்டு, திரும்பும்போதே மனசுக்குள் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டு வந்தார். பெரிய டாக்டர் என்பது பதவியால் வந்த பெயர். உயரத்தில் அவர் எலும்புப் பிரிவிலேயே சின்னவர், அதனால் எப்போதும் எதன் மீதாவது ஏறி நின்று பேசுவார். மறுமுறிவுத் தடுப்புப் பிரிவு என்று பலகை வந்தது. உடைந்த வீல்சேர்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். மாவுக்கட்டு அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தியைக் கூப்பிட்டு, இனிமேல் இது உன் பொறுப்பு என்று தலையில் கட்டினார்கள்.

அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வாய்த்துடுக்குக்காரி, வேகக்காரி, தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் உள்ளவள். தனியறை, தனி மேசை, கதவில் தன் பெயர். ஒரே மாதத்தில் எலும்பு சிஸ்டர் என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. எல்லோரும் சண்டையில் சும்மா சொல்கிற 'எலும்பை எண்ணிடுவேன்' என்பதை இவள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறாள் என்று மாவுக்கட்டு அறையில் கேலி பேசினார்கள். அவளும் சிரித்தாள். வீட்டில் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தால் கணவனை உண்டு இல்லை என்று ஆக்கினாள்.

வேலை இதுதான். தினமும் காலையில் எக்ஸ்ரே அறைக்குப் போய், ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் யாருக்கு எலும்பு முறிந்திருக்கிறது என்று பார்ப்பாள். அவர்களிடம் போய் முதல் கேள்வியாக, எந்த உயரத்திலிருந்து விழுந்தீர்கள் என்று கேட்பாள். ஏணியிலிருந்து விழுந்தவர், வண்டியில் அடிபட்டவர் எல்லாம் இவள் கணக்கில் இல்லை, அப்படி அடிபட்டால் யாருடைய எலும்பும் உடையும். நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் கீழிருந்தோ விழுந்து உடைந்தால்தான் அது எலும்பின் குற்றம். அப்படிப்பட்டவர்களைப் பிடித்து இழுத்து வந்து எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க வைத்து, மாத்திரையோ ஊசியோ தொடங்கி, வீட்டுக்கே போய் வழுக்கும் இடங்களைச் சரிசெய்வாள். எந்த உயரத்திலிருந்து என்ற கேள்வி அவள் நாக்கில் ஊறிப்போனது. எப்படி விழுந்தீர்கள் என்ற கேள்வி அதற்குள்ளேயே அடங்கிவிட்டதாக அவள் நினைத்தாள். அந்தப் பிரிவில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

டெலிபோன் அம்மா வந்தது பிரிவு தொடங்கிய புதிதில். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எலும்பும் தோலுமான உடம்பு, ஆனால் குரல் மட்டும் இழைத்து வைத்த குரல். வலது மணிக்கட்டு உடைந்து உட்கார்ந்திருந்த நேரத்திலும், ஒரு நிமிஷம் காத்திருங்கள் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னபோது அவர் நிஜமாகவே காத்திருந்தார். நின்ற உயரத்திலிருந்து என்று பதில் சொன்னார். அதற்கு மேல் எலும்பு சிஸ்டரும் கேட்கவில்லை.

கூடவே மகள் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணமாகிப் பிரிந்து வந்தவள், வீட்டிலிருந்தபடி ஏதோ கம்பெனிக்குக் கணக்கு வேலை பார்ப்பவள். வேறு பிள்ளைகள் கிடையாது, வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். எலும்பு சிஸ்டருக்கு அவளை முதல் நாளே பிடித்துப்போயிற்று. மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அம்மாவை அறை வாசலில் இறக்கிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு காணாமல் போவார்கள். இந்த மகளோ சொன்னதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டாள். ஸ்கேனில் எலும்பு மோசமாக இருந்ததால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியைத் தொடங்கினார்கள். இந்த ஊசியில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒழுங்காகப் போட்டால் எலும்பு தேறும். தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தினால், போடாமல் இருந்ததைவிட மோசமாகும், இருமினாலே முதுகெலும்பு ஒவ்வொன்றாக நொறுங்கலாம். இதை எலும்பு சிஸ்டர் விரலை நீட்டிச் சொன்னபோது, நான் இருக்கிற வரைக்கும் தவற விடமாட்டேன் என்று மகள் சொன்னாள். சொன்னபடியே ஒரு தடவையும் தவற விடவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போன நாள் எலும்பு சிஸ்டர் தச்சனையும் அழைத்துக்கொண்டு போனாள். மாடிக் குடியிருப்பு, லிஃப்ட் உண்டு, இரண்டு படுக்கையறை. கால் தடுக்கும் மிதியடிகளைச் சுருட்டச் சொன்னாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாள், தரைக்கு ரப்பர் விரிப்புப் போட்டாள், நடைவழியில் பிரகாசமான விளக்கு மாட்டினாள். மகள் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். டெலிபோன் அம்மாவின் அறைக்குள் போனதும் கதவின் உள்பக்கம் தடிமனான ஒரு தாழ்ப்பாள் இருந்தது. புதிது. இது கூடாது என்று எலும்பு சிஸ்டர் உடனே சொன்னாள். உள்ளே விழுந்து கிடந்தால் யார் திறப்பது, கதவை உடைப்பதற்குள் உயிர் போய்விடும் என்று பிரிவு அச்சடித்த பிரசுரத்திலேயே போட்டிருக்கிறது. எழுதியதே அவள்தான்.

டெலிபோன் அம்மா முதல் தடவையாகத் தயங்கினார். அது இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். ராத்திரியில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்கிறது என்றார். எலும்பு சிஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயதானவர்களின் பிடிவாதத்தை எப்படிக் கையாள்வது என்று அவள் பயிற்சியே எடுத்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, பொண்ணு பயந்துடுவாங்க இல்லையாம்மா என்று கனிவாகக் கேட்டாள். மகள் வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். டெலிபோன் அம்மா மகளைப் பார்த்தார், பிறகு சரி என்றார். தச்சன் திருகாணிகளைக் கழற்றித் தாழ்ப்பாளை எடுத்து, துளைகளை மக்குப் பசை வைத்து அடைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு வீடு திரும்பும்போது எலும்பு சிஸ்டருக்கு மனசு நிறைந்திருந்தது.

வருஷம் நிறைவதற்குள் மகள் அந்தப் பிரிவின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டாள். நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதம் ஒரு கூட்டம் நடக்கும், அதில் மகளைப் பேச வைத்தார்கள். பெற்றவர்களிடம் பொறுமை வேண்டும், ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் முதல் தடவை போலவே பதில் சொல்ல வேண்டும் என்று அவள் சொன்னபோது பின் வரிசையில் ஓர் ஆள் அழுதார். முதல் வரிசையில் டெலிபோன் அம்மா நேராக உட்கார்ந்து கை தட்டினார். பெரிய டாக்டரும் நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு பலகை மீது ஏறி நின்று கேட்டுவிட்டு, அடுத்த மாநாட்டில் உங்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றார். அவருக்கும் காரணம் இருந்தது. பிரிவில் சேர்ந்தவர்களில் ஒருத்தருக்குக்கூட இதுவரை இரண்டாவது முறிவு வரவில்லை. பூஜ்யம் என்ற அந்த ஒரு சொல்லை அவர் வாயில் போட்டுச் சுவைத்துக்கொண்டே திரிந்தார்.

பூஜ்யம் ஒரு மழைநாள் காலையில் கலைந்தது. அவசரப் பிரிவிலிருந்து போன் வந்ததும் எலும்பு சிஸ்டர் ஓடினாள். டெலிபோன் அம்மா ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். இடது கை, தோளுக்குச் சற்றுக் கீழே உடைந்திருந்தது. மகள் சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். குளியலறையில் வழுக்கிவிட்டார்கள் என்றாள். எந்த உயரத்திலிருந்து என்று எலும்பு சிஸ்டர் பழக்கதோஷத்தில் கேட்டாள், கேட்டுவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். ரப்பர் விரிப்பு என்ன ஆயிற்று, கம்பி என்ன ஆயிற்று என்று தன் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் உருட்டினாள். அவள் கவலையெல்லாம் அப்போது விரிப்பைப் பற்றித்தான்.

ஆஸ்பத்திரி உடுப்பை மாற்றும்போதுதான் பார்த்தாள். கழுத்தடியில் இரண்டு காறையெலும்புக்கும் கீழே, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கன்றிப்போன இடங்கள். வழுக்கி விழுகிறவர்களுக்கு அங்கே அடிபடாது. வருஷக்கணக்கில் விழுந்தவர்களை மட்டுமே பார்த்து வந்தவளுக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. திரையை இழுத்து மூடிவிட்டு, யார் என்று கேட்டாள். டெலிபோன் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆபரேட்டர்களுக்கு வேலையில் சேரும் அன்றைக்கே சொல்லித் தருவார்களாம், காதில் விழுவது காதோடு போக வேண்டும் என்று. அந்தப் பழக்கம் போகவில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

எலும்பு சிஸ்டர் விடவில்லை. கன்றிய இடத்தின் மேல் தன் உள்ளங்கையை லேசாக வைத்தாள், சரியாகப் பொருந்தியது. அதைப் பார்த்ததும் டெலிபோன் அம்மாவின் குரல் முதல் தடவையாகப் பிசிறியது.

"அவளுக்குக் கோபம் வந்தா ரொம்ப நேரம் இருக்காதும்மா. நான் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவேன். வெளிய நின்னு கத்துவா, கதவை ரெண்டு உதை உதைப்பா, அப்புறம் அடங்கிடும். அவளே டீ போட்டு எடுத்துட்டு வந்து மன்னிச்சுக்கம்மான்னு அழுவா. அந்தக் கை உடைஞ்சுதே, முதல் தடவை, அதுக்கப்புறம்தான் தாழ்ப்பாள் வாங்கி மாட்டினேன். அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகலை. நீங்க வந்து எடுக்கிற வரைக்கும்."

குற்றம் சொல்லும் குரலே இல்லை அது. இணைப்பு ஏன் துண்டிக்கப்பட்டது என்று விளக்குகிற குரல். எலும்பு சிஸ்டர் கையை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் மீது வெறுப்பு வரும்போது கத்தித் தீர்த்துவிடுவாள், தன் மீதே வரும்போது என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே போய் மகளைப் பிடித்தாள்.

மகள் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தாள். எலும்பு சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, தள்ளினீங்களா என்று ஒரே வார்த்தை கேட்டாள். மறுப்பாள், சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தாள். மகள் அதெல்லாம் செய்யவில்லை.

"தள்ளினேன். கதவு நிலையில போய் மோதிட்டாங்க. அப்புறம் நானேதான் தூக்கினேன், நானேதான் கூட்டிட்டு வந்தேன். எங்கிட்ட எவ்வளவோ கேட்டீங்கக்கா. பால் குடிக்கிறாங்களா, வெயில்ல உக்கார்றாங்களா, ஊசி தேதி ஞாபகம் இருக்கான்னு. நான் தூங்கறேனான்னு ஒரு தடவை கேட்டீங்களா? சரி, அதை விடுங்க. நாளையிலேர்ந்து அம்மாவை நீங்க கூட்டிட்டுப் போய் வெச்சுக்கறீங்களா? சொல்லுங்க, இப்பவே எழுந்து போயிடறேன்."

நியாயமான கேள்விதான். தூக்கம் கெட்டவர்கள் எல்லோரும் பெற்றவளைக் கதவு நிலையில் மோதத் தள்ளுவதில்லை என்பதும் நியாயம்தான். ஆனால் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்கிறேன் என்று எலும்பு சிஸ்டரால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாது என்று மகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவள் காப்பியை ஊதிக் குடித்தாள்.

எலும்பு சிஸ்டர் பெரிய டாக்டரிடம் போனாள். அவர் ஏற்கெனவே விஷயம் கேள்விப்பட்டு, பூஜ்யம் போன துக்கத்தில் இருந்தார். இவள் கன்றிய இடங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. தன் கண்ணையே நம்ப முடியாமல் எலும்பு சிஸ்டர் பேச்சை நிறுத்தினாள். அவர் கால் வைத்துக்கொள்ளும் சின்ன முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"தள்ளிவிட்டு உடைஞ்சா அது வெளியிலேர்ந்து வந்த விசை. எலும்போட குத்தம் இல்லை. அப்ப இது நம்ம முறிவே கிடையாதே. அந்த மணிக்கட்டும் அப்படித்தானே உடைஞ்சிருக்கு? அப்ப அந்தம்மா முதல்லேர்ந்தே நம்ம பிரிவுக்கு உரிய ஆளே இல்லை. எடுத்துடு."

எடுத்துவிட்டால் ஊசி என்று கேட்டாள். அது பிரிவில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று அவளுக்கே தெரியும். வெளியே பொது ஓ.பி. வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அந்த வரிசையில் முறை வருவதற்குள் ஊசித் தேதி தாண்டிப் பல மாதம் ஆகிவிடும், முதுகெலும்பு நொறுங்கிவிடும் என்று இவள் குரலை உயர்த்தினாள். அதுவும் அப்போது நம்முடைய முறிவாக இருக்காது என்று அவர் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார். மகளைப் பற்றி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, புகார் கொடுப்பதானால் அந்த அம்மாவையே கொடுக்கச் சொல் என்றார். அந்த மனுஷருக்கு நாக்கு கூசவில்லை. அந்த நேரத்தில் அவரைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினால் என்ன என்று எலும்பு சிஸ்டருக்குத் தோன்றியது.

டெலிபோன் அம்மாவிடம் கேட்டாள். வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கை கழுத்தோடு சேர்த்துக் கட்டிய துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. புகாரா என்று அவர் கேட்ட விதத்திலேயே பதில் வந்துவிட்டது. என் பெண்ணை யார் வந்து கேட்டாலும் நான் வழுக்கித்தான் விழுந்தேன் என்று சொல்வேன் என்றார். அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், அவளுக்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றார். முதியோர் விடுதி என்று எலும்பு சிஸ்டர் பேச்செடுத்தபோது தலையைத் திருப்பிக்கொண்டார். முன்பு ஒரு தடவை அம்மாவும் மகளுமாக ஒரு விடுதியில் பேசியும் பார்த்தார்களாம். அங்கே ஊசியெல்லாம் யாரும் தேதி பார்த்துப் போடமாட்டார்கள், அதை என் பெண்தான் செய்வாள் என்றார். அதைச் சொன்னபோது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

தாழ்ப்பாளையாவது திரும்ப மாட்டிவிடலாம் என்று எலும்பு சிஸ்டர் தச்சனை அனுப்பினாள். அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். மகள் வாசலிலேயே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகப் பேசி அனுப்பியிருக்கிறாள். உள்தாழ்ப்பாள் கூடாது என்று பிரிவின் பிரசுரத்திலேயே போட்டிருக்கிறதே, அம்மா உள்ளே விழுந்து கிடந்தால் நான் எப்படித் திறப்பேன் என்று கேட்டாளாம். பிரசுரத்தையும் கொண்டுவந்து அந்த வரியைக் காட்டினாளாம். நல்ல பொண்ணு சிஸ்டர், அம்மா மேல உசிரா இருக்கு என்று தச்சன் சொன்னான்.

இனி மிச்சம் இருந்தது ஊசி ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் ஊசி போய்விடும், முதுகு நொறுங்கும். பொய்யைச் சொன்னால் ஊசி கிடைக்கும், வீட்டில் அந்தக் கைகளும் இருக்கும். வேறு வழி எதுவும் அவளுக்குப் புலப்படவில்லை, வேறு வழி காட்ட அங்கே ஆளும் இல்லை. அவள் திரும்பவும் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன், அந்த அம்மா வழுக்கித்தான் விழுந்திருக்கிறார்கள், கன்றியது தூக்கும்போது பிடித்த பிடியால் வந்தது என்றாள். நேற்று ஒன்று இன்று ஒன்றா என்று அவர் எகிறினார். அப்படியானால் வீட்டில் நீ செய்த ஏற்பாடுதான் சரியில்லை, மாநாட்டில் அப்படித்தான் சொல்வேன் என்றார். சொல்லிக்கொள்ளுங்கள் என்றாள். அவள் வாழ்நாளில் வாங்கிய வசவுகளிலேயே உறைக்காத வசவு அதுதான்.

உரிய தேதியில் மகள் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். கை எலும்பு கூடி, கட்டைப் பிரித்திருந்தார்கள். எலும்பு சிஸ்டரே ஊசியைப் போட்டாள். மகள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலிக்குதாம்மா என்று கேட்டாள். மகளும் எலும்பு சிஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வேலையை முடித்தார்கள். ஊசி எலும்பைத் தேற்ற மாதங்கள் ஆகும். மகளின் கோபம் அவ்வளவு நாள் பொறுத்திருக்காது. அடுத்தது இடுப்பாகத்தான் இருக்கும், இடுப்பு போனால் டெலிபோன் அம்மாவும் போய்விடுவார். எலும்பு சிஸ்டர் இதை நினைத்துக்கொண்டே மகளிடம், அம்மாவுக்கு உடற்பயிற்சி கொஞ்சம் சொல்லித் தர வேண்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்றாள்.

உடற்பயிற்சி அறை மதிய இடைவேளையில் காலியாக இருந்தது. எலும்பு சிஸ்டர் கதவைச் சாத்தினாள். வார்டிலிருந்து தடித்த மெத்தைகளைக் கொண்டுவந்து தரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தாள். விழுவதற்கும் முறை இருக்கிறது. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், முழங்காலை மடக்கிச் சட்டென்று உட்கார்ந்து, புட்டத்தில் இறங்கி, முதுகை வளைத்து உருள வேண்டும், எக்காரணம் கொண்டும் கையை ஊன்றக் கூடாது. டெலிபோன் அம்மா முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு கேட்டார். யாரும் அவரிடம் எதற்கு இது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சும்மா நின்ற இடத்திலிருந்து உருண்டு பழகியாயிற்று. வயதுக்கு நன்றாகவே செய்தார். பிறகு எலும்பு சிஸ்டர் எதிரே வந்து நின்றாள். எங்கே கை வைப்பார்கள் என்று கேட்டாள். டெலிபோன் அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் நெஞ்சின் மேல், காறையெலும்புகளுக்குக் கீழே வைத்துக் காட்டினார். எலும்பு சிஸ்டர் மெல்லத் தள்ளினாள். டெலிபோன் அம்மா தடுமாறி, கையைப் பின்னால் ஊன்றி உட்கார்ந்தார்.

"கையை ஊனாதீங்கம்மா. ஊனினா மறுபடி மணிக்கட்டு போயிடும்."

"எப்ப வரும்னு தெரிஞ்சா ஊன மாட்டேன். எப்பவும் அவ திட்டி முடிக்கிற இடத்துலதான் கை வரும். நீங்க பேசாம தள்றீங்க, எனக்குப் பிடிபடலை. எதுனா சொல்லித் தள்ளுங்க."

என்ன சொல்ல வேண்டும் என்று எலும்பு சிஸ்டர் கேட்டாள். டெலிபோன் அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு அந்தத் தெளிவான குரலில், ஒரு எண்ணைப் படித்துக் காட்டுவது போல, சொல்லிக் கொடுத்தார். எலும்பு சிஸ்டர் அதைச் சொல்லித் தள்ளினாள். வாயில் ஒட்டவில்லை, நாடகத்தில் வசனம் மறந்தவள் போல இழுத்தது. இன்னும் கொஞ்சம் வேகமா என்று டெலிபோன் அம்மா எழுந்து நின்றுகொண்டு பொறுமையாகச் சொன்னார். எழுந்திருக்க நேரம் எடுத்தது. மூச்சு வாங்கியது. முடியை ஒதுக்கிக்கொண்டு மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றார், தள்ளுவதற்கு வாகாக.

அப்படி வந்து நின்றதைப் பார்த்ததும் எலும்பு சிஸ்டருக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது. பெரிய டாக்டர் மீது, காப்பியை ஊதிக் குடித்தவள் மீது, எல்லாவற்றுக்கும் மேலாக இந்த மனுஷி மீது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு புகார் சொல்லியிருந்தால் போதுமே. அதைச் சொல்லாமல் தள்ளுவதற்கு வாகாக வந்து நிற்கிறாளே என்று ஆத்திரம். அந்த வார்த்தைகள் இப்போது தாமாகவே வந்தன.

"செத்துத் தொலையேன். என் உசிரை வாங்கவே இருக்கியே, செத்துத் தொலையேன்."

இரண்டு கைகளும் ஓங்கிப் போயின. தேவைக்கு மேல் ஓங்கிப் போயின என்பது கை போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. டெலிபோன் அம்மா தாடையை ஒட்டிக்கொண்டார், முழங்காலை மடக்கினார், புட்டத்தில் இறங்கி முதுகை வளைத்து உருண்டார். கை ஊன்றவே இல்லை. மெத்தையில் மல்லாந்து கிடந்தபடி, முதல் பரிசு வாங்கிய பிள்ளையைப் போல அவர் முகம் பூரித்துப்போயிருந்தது. எலும்பு சிஸ்டர் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

"இப்பதான் சரியா இருந்துச்சும்மா. அவ கை மாதிரியே இருந்துச்சு," என்று டெலிபோன் அம்மா சொன்னார். பிறகு தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினார். "மறக்கறதுக்குள்ள இன்னொரு தடவை."

எலும்பு சிஸ்டர் அவரைத் தூக்கி நிறுத்தினாள். மறுபடியும் தள்ளினாள்.